குலுக்கிப் போட்டால்தான் என்ன?

"ஐடியாவைப் பார்த்துப் பணம் போட மாட்டேன், ஆளைப் பார்த்துத்தான் போடுவேன்." ஸ்டார்ட்அப் கூட்டம் எதற்குப் போனாலும் மேடையேறும் முதலீட்டாளர் இந்த வரியைச் சொல்லாமல் இறங்குவதில்லை. சொன்னதும் கைதட்டல் வரும். எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஓர் அரிப்பு. ஆளைப் பார்த்துப் போட்ட பணம் பலித்ததா, வேண்டாம் என்று அனுப்பிவிட்ட ஆட்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று யாராவது கணக்கெடுத்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறார்களா? பல்கலைக்கழகங்களின் நிதித்துறைகளில் இந்தக் கணக்கையே பிழைப்பாக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய கட்டுரைகளைத் தேடிப் பிடித்துப் படிக்கும் வேண்டாத பழக்கம் ஒன்று எனக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. படித்ததில் ஓர் ஆய்வு மட்டும் என்னை விடவே மாட்டேன் என்கிறது. அதற்கு வருவதற்கு முன் கொஞ்சம் சுற்றி வர வேண்டியிருக்கிறது.

மேடையில் சொல்வதை இவர்கள் செய்யவும் செய்கிறார்கள் என்பதை முதலில் ஒத்துக்கொண்டுவிடுகிறேன். பால் காம்பர்ஸ், வில் கார்னால், ஸ்டீவன் கப்லான், இல்யா ஸ்ட்ரெபுலாயெவ் ஆகிய நால்வர் 885 வென்ச்சர் கேப்பிடல் முதலீட்டாளர்களிடம் (வளரக்கூடிய புது நிறுவனங்களில் பங்கு வாங்கிக்கொண்டு பணம் போடுகிறவர்கள்) விசாரித்து, 2020இல் அதை வெளியிட்டார்கள். முதலீட்டு முடிவுக்கு எது முக்கியம் என்ற கேள்விக்குக் கிட்டத்தட்ட எல்லோருமே நிறுவனரையும் குழுவையும் குறிப்பிட்டார்கள். மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் முக்கியம் என்றவர்கள் 47 சதவீதம். வாய் சொல்வது ஒன்று, கை செய்வது ஒன்றாக இருக்கலாமே என்று சந்தேகப்பட்டால் அதற்கும் ஒரு சோதனை இருக்கிறது. புது நிறுவனங்களையும் முதலீட்டாளர்களையும் சேர்த்துவைக்கும் ஏஞ்சல்லிஸ்ட் தளத்தின் வழியாக வேறு ஆய்வாளர்கள் 21 நிறுவனங்களைப் பற்றிய மின்னஞ்சல்களைச் சுமார் 4,500 முதலீட்டாளர்களுக்கு அனுப்பினார்கள். சிலருக்குக் குழுவைப் பற்றிய விவரம் தெரியாது, சிலருக்கு வியாபாரம் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பது தெரியாது, சிலருக்கு ஏற்கெனவே பணம் போட்டிருப்பவர் யார் என்பது தெரியாது. யாருக்கு எதை மறைப்பது என்பதைக் கணினி இஷ்டத்துக்குத் தீர்மானித்தது. குழுவின் விவரத்தைப் பார்த்தவர்கள்தான் மேற்கொண்டு ஆர்வம் காட்டினார்கள். மற்ற இரண்டு விவரங்களும் சராசரி முதலீட்டாளரை அசைக்கவில்லை. ஆக, ஆளைத்தான் பார்க்கிறார்கள்.

பார்ப்பது பயன் தருகிறதா என்பது வேறு விஷயம். இதே கப்லான், பெர்க் சென்சாய், பெர் ஸ்ட்ரோம்பெர்க் ஆகியோருடன் சேர்ந்து 2009இல் ஒரு கேள்வி கேட்டார்: பந்தயம் கட்டுவது குதிரையின் மீதா, ஜாக்கியின் மீதா? வென்ச்சர் பணம் வாங்கி வளர்ந்து பங்குச் சந்தைக்கு வந்த 50 நிறுவனங்களின் ஆரம்பகாலத் தொழில் திட்டங்களைத் தேடியெடுத்தார்கள். அன்றைக்கு எழுதிய திட்டத்தையும் பின்னாளில் நிறுவனம் செய்துகொண்டிருந்த தொழிலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, தொழில் பெரும்பாலும் அப்படியே இருந்தது. மேலே உட்கார்ந்திருந்த ஆட்களில்தான் நிறையப் பேர் மாறியிருந்தார்கள். குதிரை அதே குதிரை, ஜாக்கி இறங்கிப் போய்விட்டார். படித்ததும் எனக்கு ஒரு குரூரமான சந்தோஷம் வந்தது. அது நிலைக்கவில்லை. அந்த 50 நிறுவனங்களும் கரை சேர்ந்தவை. நடு ஆற்றில் மூழ்கியவற்றில் குதிரை மூழ்கடித்ததா, ஜாக்கி மூழ்கடித்தாரா என்பது இதில் தெரியாது. இந்தத் துறையின் ஆய்வுகள் பலவற்றுக்கும் இருக்கும் வியாதி இது. பணம் கிடைத்தவர்களைப் பற்றித் தரவு மலைபோல் இருக்கிறது. கிடைக்காதவர்கள் காற்றில் கரைந்துவிடுகிறார்கள்.

மதிப்பெண் தாள்

கோயம்புத்தூர் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் தொழில் யோசனைப் போட்டிக்கு நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். புதுமைக்கு இவ்வளவு, சந்தைக்கு இவ்வளவு, குழுவுக்கு இவ்வளவு, பேசிய விதத்துக்கு இவ்வளவு என்று கட்டங்கள். ஒரு மாணவி தென்னைநார்க் கழிவைக் கழுவும்போது உப்பு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அந்த இடத்திலேயே காட்டும் ஒரு சின்னக் கருவியைச் செய்துகொண்டு வந்திருந்தாள். ஏற்றுமதிக்குப் போகும் நார்க்கழிவில் உப்பு இறங்காவிட்டால் சரக்கு திரும்பி வரும், அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அது தெரியும். திரையைப் பார்த்தபடியே தாழ்ந்த குரலில் வாசித்துவிட்டுப் போய்விட்டாள். அடுத்து வந்த பையன் ஏதோ ஒரு செயலி, எல்லோருக்கும் எல்லாமும் செய்யும். ஆனால் மேடை முழுக்க நடந்தான், கேள்வி கேட்டால் "சூப்பர் கொஸ்டின் சார்" என்றான். பக்கத்தில் இருந்த தொழிலதிபர் நடுவர் என் பக்கம் சாய்ந்து, "பையன் கண்ணுல ஒரு ஃபயர் தெரியுதுங்க, இவன் எதைத் தொட்டாலும் பண்ணிருவான்" என்றார். தாளில் அவர் அவனுக்குப் போட்ட மதிப்பெண்ணையும் நான் போட்டதையும் பார்த்தால், நாங்கள் இருவரும் ஒரே அரங்கத்தில் இருந்தோம் என்று யாரும் நம்ப மாட்டார்கள். இரண்டையும் கூட்டி, மூன்றாவது நடுவருடையதையும் சேர்த்து, சராசரி எடுத்து, தசமப் புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் வரை போட்டு முடிவை அறிவித்தார்கள். அந்த இரண்டு இலக்கம்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

கண்ணில் தெரியும் நெருப்பைப் பற்றியும் ஆய்வு இருக்கிறது. ஒரே திட்டம், ஒரே படங்கள், ஒரே வாசகம். பின்னணிக் குரல் மட்டும் ஒன்றில் ஆண், இன்னொன்றில் பெண். 2014இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் வந்த அந்தச் சோதனையில், ஆண் குரலில் கேட்டதற்குப் பணம் போடலாம் என்றவர்கள் 68 சதவீதம், பெண் குரலுக்கு 32 சதவீதம். 'ஆளைப் பார்க்கிறோம்' என்பதற்குள் எதெல்லாம் நுழைந்துகொள்கிறது பாருங்கள். வயதும் அப்படித்தான். இருபதுகளில் இருக்கும் துடிப்பான பையன்தான் நம் மனதில் இருக்கும் நிறுவனர். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தரவை வைத்து பியர் அஸூலே குழுவினர் பார்த்தபோது, மிக வேகமாக வளர்ந்த நிறுவனங்களை, அதாவது ஆயிரத்தில் ஒன்றாகத் தேறியவற்றை, தொடங்கியவர்களின் சராசரி வயது தொடங்கிய நேரத்தில் 45.

கல்லூரி நடுவர்கள் அரைகுறை, தொழில்முறை முதலீட்டாளர்களுக்கு மூக்கில் வாசனை அடிக்கும் என்று சொல்லலாம். வில்லியம் கெர், ரமணா நந்தா, மாத்யூ ரோட்ஸ்-க்ரோப் மூவரும் 2014இல் எழுதிய கட்டுரையில் ஒரு பெரிய வென்ச்சர் நிறுவனம் தன் உள்கணக்கைத் திறந்து காட்டியது வருகிறது. முதல் பணம் போடும்போதே ஒவ்வொரு முதலீட்டுக்கும் கூட்டாளிகள் மதிப்பெண் போட்டு வைத்திருந்தார்கள். பிற்பாடு கிடைத்த பலனுக்கும் அந்த மதிப்பெண்ணுக்கும் இருந்த தொடர்பு 0.1. முழுத் தொடர்பு இருந்தால் 1, எதுவுமே இல்லாவிட்டால் பூஜ்யம். இவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கியவை இதில் இல்லை, தேர்ந்தெடுத்தவற்றுக்குள்தான் இந்த நிலைமை. அமெரிக்க வென்ச்சர் முதலீடுகளைப் பற்றி அதே கட்டுரை சொல்லும் கணக்கு இன்னொன்று: பாதிக்கு மேல், 55 சதவீதம், நஷ்டத்தில் முடிந்தன. போட்ட பணத்தைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் தந்தவை 6 சதவீதம்தான், மொத்த வருமானத்தில் பாதியைக் கொண்டுவந்தது அந்த 6 சதவீதம். அந்த ஆறு எவை என்பது முதல் நாளில் தெரியவில்லை.

நைஜீரியாவில் நடந்தது

என்னை விடாத ஆய்வு இதுதான். 2011இல் நைஜீரிய அரசு 'யூவின்' என்ற பெயரில் தொழில் திட்டப் போட்டி ஒன்றை அறிவித்தது. 40 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும் (அஸூலேயின் கட்டுரை அப்போது வரவில்லை, பாவம்). ஏறத்தாழ 24,000 பேர் விண்ணப்பித்தார்கள். அவர்களில் 6,000 பேருக்கு நான்கு நாள் பயிற்சி கொடுத்து, முழுத் திட்டம் எழுதச் சொல்லி, நடுவர்கள் மதிப்பெண் போட்டு 2,400 பேரை அரையிறுதிக்கு எடுத்தார்கள். பரிசு என்றால் கோப்பையும் சான்றிதழும் இல்லை. வென்றவருக்குச் சராசரியாக 50,000 டாலர் மானியம். திருப்பித் தர வேண்டாம், பங்கு தர வேண்டாம். மொத்தம் 1,200 வெற்றியாளர்கள்.

இங்கேதான் உலக வங்கியின் டேவிட் மெக்கென்ஸி வருகிறார். உச்சத்தில் மதிப்பெண் வாங்கிய சில நூறு பேர் நேரடியாக வென்றார்கள். மிச்ச அரையிறுதிக்காரர்களில் யாருக்குப் பணம் என்பதைக் குலுக்கலில் தீர்மானித்தார்கள். 700க்கு மேற்பட்டவர்களுக்குச் சீட்டு விழுந்தது, 1,100க்கு மேற்பட்டவர்களுக்கு விழவில்லை. மருந்து ஆராய்ச்சியில் பாதிப் பேருக்கு மருந்தும் பாதிப் பேருக்கு வெறும் மாத்திரையும் கொடுப்பார்களே, அந்த முறை. வென்ச்சர் முதலீட்டில் இப்படி நடக்கும் என்று யாரும் கனவுகூடக் காண முடியாது. எந்த முதலீட்டாளர் தன் பணத்தைச் சீட்டுக் குலுக்கிக் கொடுப்பார்? காற்றில் கரைந்துவிடுகிறார்கள் என்று மேலே சொன்னேனே, அந்த ஆட்கள் இங்கே பெயரோடும் முகவரியோடும் இருக்கிறார்கள். வருடா வருடம் போய் என்ன செய்கிறீர்கள் என்று கேட்க முடிகிறது.

மூன்று வருடம் கேட்டார்கள். பணம் வேலை செய்திருந்தது. புதிதாகத் தொடங்க நினைத்தவர்களில் சீட்டு விழுந்தவர்கள், விழாதவர்களைவிட 37 சதவீதப் புள்ளிகள் அதிகமாகத் தொழில் நடத்திக்கொண்டிருந்தார்கள். ஏற்கெனவே தொழில் வைத்திருந்தவர்களில் வித்தியாசம் 20 புள்ளிகள். பத்துப் பேருக்கோ அதற்கு மேலோ வேலை கொடுக்கும் நிறுவனமாக வளரும் வாய்ப்பும் 20 புள்ளிக்கு மேல் கூடியிருந்தது. விற்பனை, லாபம் எல்லாம் ஏறியிருந்தன. சுமார் 7,000 புது வேலைகள் என்று மெக்கென்ஸி கணக்குப் போடுகிறார். அரசுப் பணத்தைச் சும்மா தூக்கிக் கொடுத்தால் தின்று தீர்த்துவிடுவார்கள் என்ற நம் எல்லோருடைய முன்முடிவுக்கும் ஓர் அடி.

அப்புறம் 2019இல் அவரும் டாரியோ சான்சோனேயும் அதே தரவுக்குத் திரும்பிப் போனார்கள். பணம் யாருக்குப் பலித்தது, யாருக்குப் பலிக்கவில்லை என்பது இப்போது தெரியும். அதை முன்கூட்டியே யாரால் சொல்லியிருக்க முடியும்? மூன்று தரப்பை வைத்துப் பார்த்தார்கள். தொழில் திட்டத்தைப் படித்து மதிப்பெண் போட்ட நடுவர்கள் ஒரு தரப்பு. வயது, படிப்பு, தொழில் வகை என்று நாலைந்து தகவலை வைத்துப் பொருளாதார அறிஞர்கள் போட்ட எளிய சூத்திரம் இன்னொரு தரப்பு. விண்ணப்பத்திலும் கேள்வித்தாளிலும் இருந்த நூற்றுக்கணக்கான தகவல்களை மென்று துப்பும் இயந்திரக் கற்றல் மூன்றாவது. நடுவர்களின் மதிப்பெண்ணுக்கும், மூன்று வருடம் கழித்து நிறுவனம் உயிரோடு இருக்கிறதா, எத்தனை பேருக்கு வேலை, எவ்வளவு விற்பனை, எவ்வளவு லாபம் என்பதற்கும் தொடர்பே இல்லை. எளிய சூத்திரம் ஏதோ கொஞ்சம் சொன்னது. இயந்திரம் அதைவிடப் பெரிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. மூன்றையும் சேர்த்துப் பார்த்தாலும் கணிக்க முடிந்தது மிகக் குறைவு.

இந்த இரண்டு முடிவுகளையும் சேர்த்துப் படித்த அன்றிலிருந்துதான் எனக்கு நடுவர் நாற்காலி உறுத்த ஆரம்பித்தது. பணம் கொடுத்தது பலித்தது. யாருக்குக் கொடுப்பது என்று மண்டையை உடைத்துக்கொண்ட வேலை, அரையிறுதிக்கு வந்தவர்களுக்குள், எதுவும் சேர்க்கவில்லை. ஆனால் விழா, விருந்தினர், செய்தித்தாள் படம் எல்லாம் அந்த இரண்டாவது வேலைக்குத்தான். தேர்வு என்ற சடங்கு யாருக்காக நடக்கிறது என்று யோசித்தால், பணம் வாங்குபவரைவிடக் கொடுப்பவருக்குத்தான் அது அதிகம் தேவைப்படுகிறது. நாளைக்கு ஆடிட்டில் கேட்டால் காட்ட ஒரு தாள் வேண்டும்.

எல்லா இடத்திலும் இப்படியா?

இல்லை, அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். முதலில், 24,000 பேரிலிருந்து வடிகட்டி எடுத்த 2,400 பேருக்குள் நடந்த கதை இது. வடிகட்டிய பிறகு மிஞ்சுபவர்கள் ஒருவருக்கொருவர் அவ்வளவாக வித்தியாசப்பட மாட்டார்கள். ஐஐடி நுழைவுத்தேர்வில் தேறியவர்களுக்குள் ரேங்கை வைத்து யார் நல்ல பொறியாளர் ஆவார் என்று சொல்ல முடியாது என்பதால், நுழைவுத்தேர்வே வீண் என்று ஆகிவிடாது. முதல் சல்லடைக்கு வேலை இருக்கிறது. இரண்டாவது, எம்ஐடி பல்கலைக்கழகத்தின் வழிகாட்டல் மையத்தில் 650க்கு மேற்பட்ட தொடக்க நிலை நிறுவனங்களை வைத்து எரின் ஸ்காட், பியான் ஷூ, ரோமன் லூபின்ஸ்கி மூவரும் 2020இல் வெளியிட்ட ஆய்வு. அங்கே வழிகாட்டிகள் படித்தது ஒரு சின்ன எழுத்துச் சுருக்கத்தை மட்டும். நிறுவனரின் முகத்தைப் பார்க்கவில்லை, குரலைக் கேட்கவில்லை. அப்படியும் உயிரியல், மருத்துவக் கருவி, எரிசக்தி போன்ற ஆராய்ச்சி கனமாக உள்ள தொழில்களில் எது தேறும் என்பதை ஓரளவு சரியாகவே சொன்னார்கள். நுகர்வோருக்கான இணையதளம், மென்பொருள் என்று வந்தபோது அவர்களால் முடியவில்லை. எனக்கு இது நியாயமாகவே படுகிறது. கருவி உப்பை அளக்குமா அளக்காதா என்பதை அந்த விஷயம் தெரிந்த ஒருவரால் தாளைப் படித்தே சொல்லிவிட முடியும். ஒரு செயலி ஊருக்குப் பிடிக்குமா என்பதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. நம் ஊர்ப் போட்டிகளில் கூட்டம் அம்முவது இரண்டாவது வகையில்தான்.

சரி, தேர்வு இவ்வளவு மங்கலாக இருந்தால் வென்ச்சர் முதலீட்டாளர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள்? கெர் குழுவினரின் பதில் எனக்குப் பிடித்திருக்கிறது. அவர்கள் ஒரே அடியில் தேர்ந்தெடுப்பதில்லை. கொஞ்சம் பணம் போட்டு, ஒரு பரிசோதனை நடத்தி, சரிவராவிட்டால் அடுத்த தவணையை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தத் தெரிவதில்தான் பாதித் திறமை. கப்லானும் ஸ்ட்ரோம்பெர்க்கும் 2003இல் 213 முதலீட்டு ஒப்பந்தங்களைப் பிரித்துப் பார்த்தபோதும் இதுதான் தெரிந்தது. இந்த இலக்கை எட்டினால் இவ்வளவு பணம், எட்டாவிட்டால் இயக்குநர் குழுவில் அதிகாரம் முதலீட்டாளர் கைக்கு என்று வரிக்கு வரி எழுதி வைத்திருந்தார்கள். 'ஆளை நம்பிப் போட்டேன்' என்பவரின் ஒப்பந்தத்தில் அவ்வளவு அவநம்பிக்கை! இதன் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். வென்ச்சர் பணம் வாங்கிய அமெரிக்க நிறுவனங்களை ராபர்ட் ஹாலும் சூசன் வுட்வர்டும் 2010இல் ஆராய்ந்தபோது, முடிவில் நிறுவனர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்குக் கைக்கு ஒன்றுமே வரவில்லை.

பெயர்பெற்ற முதலீட்டு நிறுவனங்கள் திரும்பத் திரும்ப வெற்றி பெறுகின்றனவே, அது திறமை இல்லையா என்ற கேள்வி எனக்கும் இருந்தது. நந்தா, சாம்ப்சா சமிலா, ஒலாவ் சோரன்சன் மூவரும் 2020இல் அதைத் தொட்டார்கள். ஒரு வென்ச்சர் நிறுவனத்தின் முதல் பத்து முதலீடுகளில் ஒன்று கூடுதலாகப் பங்குச் சந்தைக்கு வந்தால், அதன் பிந்தைய முதலீடுகளும் அப்படி வரும் வீதம் 8 சதவீதம் வரை கூடுகிறது. காலப்போக்கில் அது தேய்கிறது. காரணத்தைத் தோண்டினால், தேர்ந்தெடுக்கும் திறமை கூடியதாகத் தெரியவில்லை. ஆரம்பத்தில் சரியான நேரத்தில் சரியான இடத்தில் நின்றிருக்கிறார்கள். அந்தப் பெயரைப் பார்த்து நல்ல நிறுவனங்கள் தாமாகவே கதவைத் தட்டுகின்றன. நம் ஊரில் ராசியான கை என்போம்.

சல்லடை, பிறகு சீட்டு

ஆகவே என் கருத்து இது. வென்ச்சர் முதலீட்டாளர் என்ன வேண்டுமானாலும் செய்யட்டும், அவர்கள் பணம், அவர்கள் பாடு. ஆனால் அரசோ கல்லூரியோ அறக்கட்டளையோ ஒரே தடவையாகக் கொடுக்கும் சிறு மானியங்களுக்கு, குறைந்தபட்சத் தகுதியைப் பார்த்துவிட்டு மிச்சத்தைக் குலுக்கிவிடலாம். செலவு குறையும், சிபாரிசுத் தொலைபேசி நிற்கும், தாழ்ந்த குரலில் பேசுகிறவளுக்கும் மேடையில் நடக்கிறவனுக்கும் ஒரே வாய்ப்பு. கேட்டால் பைத்தியக்காரத்தனம் என்பார்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பள்ளியில் படிக்காத தமிழர் இல்லை. முதலாம் பராந்தகன் காலத்தில் வாரிய உறுப்பினர்களைக் குடவோலையில் எடுத்தார்கள் என்று மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். ஓலையைக் குடத்தில் போடுவதற்கு முன்னால் இருந்த சல்லடையை மறந்துவிடுகிறோம். வயது 35க்கு மேல் 70க்குள், கால் வேலிக்கு மேல் நிலம், சொந்த மனையில் வீடு, பழைய பொறுப்பின் கணக்கைக் காட்டாதவனும் அவன் உறவும் கூடாது. அதற்கப்புறம்தான் சிறுவன் ஓலையை எடுப்பான்.

வேடிக்கை என்னவென்றால், ஆராய்ச்சிப் பணம் பங்கிடுகிறவர்களே இதற்கு வந்துவிட்டார்கள். நியூசிலாந்தின் சுகாதார ஆராய்ச்சிக் கவுன்சில் 2013இல் ஒரு வகை மானியத்தைத் தகுதி பார்த்த பிறகு குலுக்கலில் கொடுக்கத் தொடங்கியது. ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் அறக்கட்டளை 2017இல் பாதி இடங்களுக்கு முயன்று பார்த்தது. பிரிட்டிஷ் அகாடமி 2022இல் சிறு மானியங்களுக்கு அதையே தொடங்கியது.

கல்லூரியில் போட்டியை நடத்தும் பேராசிரியரிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "குலுக்கல்னு போட்டா எந்த ஸ்பான்சர் சார் வருவாங்க?" என்றார். வாதாடிப் பார்த்தேன், அந்தப் பக்கம் அவர் நகரவில்லை. இரண்டு விஷயங்களுக்கு ஒத்துக்கொண்டார். இறுதிச் சுற்றுக்கு வரும் கருவித் திட்டங்களை முதலில் பெயரில்லாமல், எழுத்தில் மட்டும், அந்தத் தொழில் தெரிந்த ஒருவர் படிப்பார். தோற்ற அணிகளின் கைபேசி எண்களையும் வாங்கி வைத்துக்கொண்டு, வென்றவர்களைக் கேட்கும் அதே கேள்விகளை மூன்று வருடம் அவர்களிடமும் கேட்பார். நடுவர்கள் போட்ட மதிப்பெண்களைக் கிழித்துப் போடாமல் அந்த எண்களுக்குப் பக்கத்திலேயே வைக்கச் சொல்லியிருக்கிறேன், தொழிலதிபர் போட்டதையும் நான் போட்டதையும் தனித்தனியாக.